உயிரைச் சமன்பாட்டால் விளங்கிக்கொள்ள முடியுமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து, உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கும் ஒரு தங்கை இப்படிக் கேட்டிருக்கிறார்: “இதயத்துக்கும் நரம்புக்கும் நோய்ப் பரவலுக்கும் கணினியில் மாதிரியுரு அமைத்து ஆராய்கிறார்கள் என்று வாசித்தேன். உயிருள்ள ஒன்றைச் சமன்பாடுகளால் உண்மையில் விளங்கிக்கொள்ள முடியுமா? ஏற்கெனவே தெரிந்ததைத்தான் வேறொரு மொழியில் எழுதிவைக்கிறார்களா? இணைந்த கணிதம் படிக்காத என்னைப் போன்றவர்கள் இத்துறைக்குள் வர இயலுமா?”

தங்கையே, உங்கள் ஐயம் நியாயமானது. தெரிந்ததை வேறொரு மொழியில் எழுதுவதாகவே இந்த வேலை தொடங்குகிறது. ஆனால் அந்த மொழியில் மழுப்ப முடியாது. “நுளம்பு பெருகினால் காய்ச்சல் பெருகும்” என்று தமிழில் எழுதிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடலாம். அதையே சமன்பாடாக எழுத உட்கார்ந்தால், எத்தனை நுளம்பு, ஒரு நுளம்பு எத்தனை நாள் வாழும், எத்தனை நாளுக்கு ஒருமுறை கடிக்கும், கடித்தால் எத்தனை பேருக்குத் தொற்றும் என்று ஒவ்வொன்றுக்கும் அது எண் கேட்கும். எண்ணைக் கொடுத்த கணமே நம்முடைய கருத்து, அளந்து பார்த்துப் பிழை என்று நிறுவக்கூடிய ஒன்றாக மாறிவிடுகிறது. இத்துறையில் பொறியியல் வழியாக வந்து சேர்ந்தவன் என்ற முறையில் நான் கண்டது இதுதான்: மாதிரியுரு சரியாக வரும்போது கிடைப்பதைவிட, அது எங்கே பொய்த்துப்போகிறது என்று பார்க்கும்போதே உயிரைப் பற்றி நாம் அதிகம் கற்றுக்கொள்கிறோம்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஒரு கணவாயிலிருந்து வந்தது. நம்முடைய சந்தைக்கு வரும் கணவாய்க்கு உறவான ஓர் இனம் இங்கிலாந்தின் தென்கரையில் பிளிமத் நகரையொட்டிய கடலில் பிடிபடுகிறது. ஆபத்தைக் கண்டதும் உடலைச் சுருக்கி, நீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாய்வது கணவாயின் வழக்கம். அதற்கான கட்டளையைத் தசைக்குக் கொண்டுசெல்லும் நரம்பிழை ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புடையது. நம்முடைய நரம்பிழைகள் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்குகளே என்பதை நினைத்தால், அது எவ்வளவு பெரியது என்று விளங்கும். அலன் ஹொட்ச்கின், அன்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இரு கேம்பிரிட்ச் ஆய்வாளர்கள் அந்த இழைக்குள் மெல்லிய மின்வாயை நெடுக்காகச் செலுத்தி, நரம்புத் துடிப்பு எப்படி உண்டாகிறது என்பதை அளக்க முனைந்தார்கள்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. நரம்பிழையைப் போர்த்திய மென்சவ்வின் மின்னழுத்தம் மாறினால் அதனூடாகச் சோடியம் அயன்களும் பொற்றாசியம் அயன்களும் செல்லும் வழிகள் திறக்கின்றன. வழிகள் திறந்தால் மின்னோட்டம் பாய்கிறது. மின்னோட்டம் பாய்ந்தால் மின்னழுத்தம் மீண்டும் மாறுகிறது. காரணமும் விளைவும் ஒன்றையொன்று துரத்தும் இந்த வட்டத்தில் எதைத் தனியாகப் பிடித்து அளப்பது? இந்த இடத்தில் உதவிக்கு வந்தது பொறியியல். மென்சவ்வின் மின்னழுத்தத்தை இடையறாது கவனித்து, அது சற்று விலகினாலும் உடனே எதிர்மின்னோட்டத்தைச் செலுத்தி, நாம் விரும்பிய அளவிலேயே அதைப் பிடித்துவைத்திருக்கும் பின்னூட்டச் சுற்று ஒன்றை அமெரிக்காவின் கெனத் கோல் உருவாக்கியிருந்தார். கடலலை தள்ளத் தள்ளப் படகை ஒரே இடத்தில் நிறுத்திவைக்க எவ்வளவு விசை கொடுத்தோம் என்பதைக் கொண்டே அலையின் வலிமையை அறிவது போன்ற முறை அது. சுற்றி இருந்த கடல்நீரில் சோடியத்துக்குப் பதிலாக வேறொரு பதார்த்தத்தை இட்டு, மின்னோட்டத்தில் எந்தப் பங்கு சோடியத்துடையது, எந்தப் பங்கு பொற்றாசியத்துடையது என்றும் அவர்கள் பிரித்தெடுத்தார்கள்.

1952ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட சமன்பாடுகள் இந்த அளவீடுகளிலிருந்து பிறந்தவை. இதில் நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அளவீடுகள் எல்லாம் மின்னழுத்தத்தை அசையாமல் பிடித்துவைத்து எடுக்கப்பட்டவை. நரம்பிழை வழியே ஓடும் துடிப்பு என்று எதுவும் அந்த அளவீடுகளில் இல்லை. பிடியை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று சமன்பாட்டிடம் கேட்டார்கள். கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் கணினி அப்போது திருத்த வேலைக்காக மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்ததால், கையால் சுழற்றும் கணக்கிடும் இயந்திரம் ஒன்றை வைத்து ஹக்ஸ்லி படிப்படியாகக் கணித்தார். ஓடும் துடிப்பு ஒன்றைக் கணித்து முடிக்க ஏறத்தாழ மூன்று வாரங்கள் பிடித்தன. விடையாக வந்த வேகம் செக்கனுக்கு 18.8 மீற்றர். உண்மையான கணவாய் நரம்பிழையில் அளந்தபோது கிடைத்த வேகம் 21.2 மீற்றர். எவரும் உள்ளே இடாத ஓர் எண், உண்மையை இவ்வளவு அண்டி வெளியே வந்தது. “தெரிந்ததை வேறு மொழியில் எழுதுவதா?” என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

இதே வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. பொற்றாசிய வழியின் நடத்தையை விளக்க, ஒரு கணியத்தை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி அவர்கள் எழுதினார்கள். நான்கு துகள்கள் ஒருங்கே இசைந்தால்தான் வழி திறக்கும் என்பது அதன் பொருள். பின்னர் பொற்றாசிய வழி நான்கு ஒத்த புரத அலகுகளால் ஆனது என்று தெரியவந்தது. 1998இல் றொடெரிக் மக்கினன் அத்தகைய வழியொன்றின் வடிவத்தையே காட்டினார். சமன்பாடு புரதத்தை முன்கூட்டியே கண்டுவிட்டது என்று இதைப் பலர் வியந்து எழுதுகிறார்கள். ஆனால் ஐந்தாம், ஆறாம் அடுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தக்கூடும், அதனால் வரும் சிக்கலுக்கு அந்தப் பயன் போதாது என்று ஹொட்ச்கினும் ஹக்ஸ்லியும் தாமே குறிப்பிட்டிருந்தார்கள். பொருத்தம் வந்துவிட்டது என்பதற்காகச் சமன்பாட்டின் ஒவ்வோர் உறுப்பும் உடலில் உள்ள ஒரு பொருள் என்று நம்பிவிடக் கூடாது. அந்த அடக்கம் அவர்களிடம் இருந்தது. 1963இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அது தகுதியான இடத்துக்கே சென்றது.

இனி நுளம்புக்கு வருவோம். நமக்கு இது கணவாயைவிட நெருங்கிய விடயம். மலேரியாவை நுளம்பு காவுகிறது என்பதை 1897இல் செக்கந்தராபாத்தில் கண்டறிந்த றொனால்ட் றொஸ் ஒரு மருத்துவர். அதன்பிறகு அவரை வாட்டிய கேள்வி வேறு. நுளம்புகளைக் குறைத்தால் மலேரியா ஒழியும் என்று அவர் சொன்னபோது, எல்லா நுளம்பையும் எவராலும் கொல்ல முடியாது, ஆகவே முயற்சி வீண் என்று பலர் மறுத்தார்கள். சொற்களால் தீராத இந்த வழக்கைத் தீர்க்க அவர் கணிதத்தை நாடினார். 1908இல் மொரீசியசுத் தீவு பற்றிய அறிக்கையிலும், பின்னர் 1911இலும் அவர் காட்டியது இதுதான்: ஒரு நோயாளியிடமிருந்து, நுளம்பு வழியாக, சராசரியாக ஒன்றுக்கும் குறைவான புதிய நோயாளியே உண்டாகும் அளவுக்கு நுளம்புகள் குறைந்தால் போதும், மிச்சமிருக்கும் நுளம்புகள் பறந்துகொண்டிருக்கவே நோய் தானாக அடங்கும்.

1950களில் ஜோர்ஜ் மக்டொனால்ட் இந்தச் சமன்பாட்டை மேலும் ஆராய்ந்து, எந்த எண்ணைத் தொட்டால் விடை அதிகம் அசைகிறது என்று பார்த்தார். அதை நீங்களே இப்போது செய்து பார்க்கலாம். நோயாளியைக் கடித்த நுளம்பு உடனே நோயைக் கடத்தாது. கிருமி அதன் உடலில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஏறத்தாழ 10 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளிலிருந்து அடுத்த நாளுக்கு 100இல் 90 நுளம்புகள் பிழைக்குமானால், 10 நாள் கழித்து 35 நுளம்புகள் மிஞ்சும். அவை ஒவ்வொன்றும் சராசரியாக இன்னும் ஒன்பதரை நாள் வாழும். ஆக, ஆபத்தான நுளம்பு-நாட்கள் சுமார் 330. நாள்தோறும் 90க்குப் பதிலாக 80 பிழைக்குமானால், 10 நாள் கழித்து மிஞ்சுபவை 11க்கும் சற்றுக் குறைவு. அவை மேலும் வாழ்வது நாலரை நாள். பெருக்கினால் வருவது சுமார் 48. நாளாந்தப் பிழைப்பில் சிறிய குறைவு, ஆபத்தை ஏழில் ஒரு பங்காக்கிவிட்டது. அதற்கு மாறாக, வளர்ந்த நுளம்புகளின் ஆயுளைத் தொடாமல் குடம்பிகளை அழித்து எண்ணிக்கையைப் பாதியாக்கினால் ஆபத்தும் பாதியாகும், அவ்வளவே. கடிக்கும் வீதத்தைப் பாதியாக்கினால் ஆபத்து காற்பங்காகும். ஏனெனில் நோயை வாங்க ஒரு கடி, கொடுக்க ஒரு கடி என்று நுளம்பு இருமுறை கடித்தாக வேண்டும். இரத்தம் குடித்து வயிறு நிறைந்த நுளம்பு வந்து ஓய்வெடுக்கும் வீட்டுச் சுவரில் மருந்து தெளிக்கும் முறை ஏன் அவ்வளவு பலித்தது என்பதை இந்தப் பெருக்கல் விளக்குகிறது.

நம் நாட்டில் அது எப்படிப் பலித்தது, எப்படிப் பொய்த்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லித் தெளிப்பின் பின் 1963இல் இலங்கை முழுவதிலும் மலேரியா நோயாளிகள் 17 பேர்தான். தெளிப்பு தளர்ந்தது, 1960களின் முடிவுக்குள் நோயாளிகள் இலட்சக்கணக்கானோர் ஆனார்கள். எண்ணிக்கை தாழ்ந்திருப்பதும், நோய் பரவுவதற்கான சூழல் இல்லாமற்போவதும் வேறு வேறு என்பதை றொஸின் சமன்பாடு அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லியிருந்தது. இந்த நாட்டில் தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012இல் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அந்தச் சமன்பாட்டுக்குத் தெரியாததையும் சொல்ல வேண்டும். 1934-35இல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்த மலேரியாக் கொள்ளைநோய் மழையால் வரவில்லை, வரட்சியால் வந்தது. ஆறுகள் வற்றி, மணற்படுகையில் சிறு குட்டைகளாகத் தேங்கியபோது, அத்தகைய நீரை விரும்பும் நுளம்பினம் அங்கே பெருகியது. மழை கூடினால் நுளம்பு கூடும் என்று மட்டும் எழுதப்பட்ட மாதிரியுரு அந்த ஆண்டில் முற்றிலும் தலைகீழான விடையையே தந்திருக்கும். 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்குவுக்கு ஆளான ஆண்டில், முதலில் கடுமையாக அடிபட்ட இடங்களில் நம் மாவட்டத்துக் கிண்ணியாவும் ஒன்று. அது நடந்தது மார்ச் மாதத்தை ஒட்டி, வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பிறகு. டெங்குவைக் காவும் நுளம்பு ஆற்றுக் குட்டையைத் தேடுவதில்லை. வீட்டு நீர்த்தொட்டி, வாளி, கிணற்றடிப் பாத்திரம் என்று மனிதர் நீர் சேர்த்துவைக்கும் இடத்தையே அது தேடுகிறது. பகலில் கடிக்கிறது. வெப்பம் கூடக்கூட, அதன் உடலில் வைரசு வளர எடுக்கும் நாட்கள் குறைகின்றன. மலேரியாவுக்கு எழுதிய சமன்பாட்டில் எண்களை மட்டும் மாற்றிக் கிண்ணியாவுக்குப் பொருத்த முடியாது. அந்த ஊரில் குழாய்நீர் எப்போது வருகிறது, மக்கள் நீரை எதில் சேமிக்கிறார்கள் என்பது சமன்பாட்டுக்குள் வந்தாக வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவர் அந்த ஊர்க்காரரே.

ஒரே சமன்பாடு வெவ்வேறு பொருள்களால் மெய்யாகலாம் என்பதற்கு நம் புறாமலைக் கடலிலேயே ஒரு சாட்சி நீந்துகிறது. நீலமும் மஞ்சளுமாய்க் கோடுகள் ஓடும் பேரரசத் தேவதைமீனை அங்கே முருகைக்கல் நடுவே பார்த்திருப்பீர்கள். 1952இல் கணிதவியலாளர் அலன் ரியூறிங், ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் வெவ்வேறு வேகத்தில் பரவும் இரண்டு இரசாயனங்கள் இருந்தாலே, ஒரே சீரான பரப்பில் புள்ளிகளும் கோடுகளும் தாமாகத் தோன்றலாம் என்று கணிதத்தால் காட்டினார். நாற்பது ஆண்டுகள் அது வெறும் அழகான கணிதமாகவே பலருக்குத் தோன்றியது. 1995இல் ஜப்பானியரான சிகெரு கொண்டோவும் றிகித்தோ அசாயும் தேவதைமீன்களைத் தொட்டியில் வளர்த்துப் பார்த்தார்கள். கோடுகள் தோலில் வரைந்த ஓவியம்போல் இருந்திருந்தால், மீன் வளர வளர அவற்றின் இடைவெளியும் அகன்றிருக்க வேண்டும். உண்மையில் இடைவெளி அப்படியே இருக்க, இடையில் புதிய கோடுகள் முளைத்தன. கிளைவிட்ட கோட்டின் பிரியும் இடம், சமன்பாடு சொன்னபடியே மெல்ல நகர்ந்தது. பின்னர் வரிக்குதிரை மீனில் நடந்த ஆய்வுகள், கோடுகளை உண்டாக்குவது பரவும் இரசாயனங்களைவிட, ஒன்றையொன்று தொட்டும் விலக்கியும் நடந்துகொள்ளும் நிறக்கலங்களே என்று காட்டின. கணிதத்தின் உருவம் நின்றது. அதற்குள் ரியூறிங் வைத்த பொருள் மாறியது.

பொறியியல் அளவீட்டுக் கருவியோடு நின்றுவிடுவதில்லை. விளங்கிவிட்டது என்று சொல்பவர் கட்டிக் காட்ட வேண்டும் என்பது பொறியியலாளரின் நியதி. 2000ஆம் ஆண்டில் மைக்கல் எலோவிற்சும் ஸ்ரனிஸ்லாஸ் லைப்லரும் மூன்று பரம்பரையலகுகளை எடுத்து, முதலாவது இரண்டாவதை அடக்க, இரண்டாவது மூன்றாவதை அடக்க, மூன்றாவது முதலாவதை அடக்குமாறு வளையமாக இணைத்து ஒரு பற்றீரியாவுக்குள் வைத்தார்கள். இலத்திரனியல் படித்தவர்கள் இத்தகைய வளையம் மாறி மாறி ஏறியிறங்கி அலையும் என்பதை உடனே கண்டுகொள்வார்கள். கலங்கள் பச்சையாக ஒளிர்ந்து மங்கி மீண்டும் ஒளிர்ந்தன. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 150 நிமிடங்கள். ஆனால் கலத்துக்குக் கலம் தாளம் வேறுபட்டது. பல கலங்கள் ஒழுங்காகத் துடிக்கவே இல்லை. என் கண்ணில் அந்த ஆய்வின் மிகப் பெரிய கொடை அந்த ஒழுங்கின்மையே. ஒரே பரம்பரையலகும் ஒரே சூழலும் கொண்ட கலங்கள் ஏன் வேறுவேறாக நடந்துகொள்கின்றன என்ற கேள்வியை அது கூர்மையாக்கியது. 2002இல் எலோவிற்சும் உடன் ஆய்ந்தோரும் இரு நிற ஒளிர்வுகளைக் கொண்டு கலத்துக்குள் நிகழும் தற்செயலையே அளந்து காட்டினார்கள்.

நடைமுறைப் பயனை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சீனி வருத்தம் உள்ள எவரும் அறிந்த குளுக்கோசு-இன்சுலின் உறவுக்கு 1979இல் எளிய சமன்பாடுகள் எழுதப்பட்டன. அந்த வழியில் வளர்ந்த, கணினியில் மட்டுமே வாழும் ‘நோயாளிகள்’ கொண்ட மாதிரியுரு ஒன்றை, இன்சுலினைத் தானே அளந்து செலுத்தும் கருவிகளுக்கு, மனிதரில் சோதிக்கும் முன் செய்யும் விலங்குச் சோதனைக்கு ஈடாக 2008இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் ஒரு முழு உயிரையும் கணினிக்குள் கொண்டுவரலாமா? 2012இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில், 525 பரம்பரையலகுகள் மட்டுமே கொண்ட மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பற்றீரியாவின் கலம் முழுவதையும், 28 சிறு மாதிரியுருக்களை இணைத்துக் கணினியில் இயக்கினார்கள். பரம்பரையலகு ஒன்றை நீக்கினால் கலம் எவ்வளவு வேகமாக வளரும் என்று மாதிரியுரு சொன்னதும், ஆய்வுகூடத்தில் அளந்ததும் சில இடங்களில் ஒத்துப்போகவில்லை. அந்த முரண்பாடுகளைப் பின்தொடர்ந்தபோதே, சில நொதியங்களின் வேகம் பற்றி எடுத்துக்கொண்ட எண்கள் பிழை என்று தெரியவந்தது. 525 பரம்பரையலகுக்கே இவ்வளவு உழைப்பு என்றால், ஏறத்தாழ 20,000 புரதப் பரம்பரையலகுகள் கொண்ட மனிதக் கலத்தை முழுமையாக எழுதிவிட்டோம் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

எதிர்வுகூறலும் விளக்கமும் ஒன்றல்ல என்பதையும் இந்நாளில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புரதங்கள் எப்படி மடியும் என்பதை அல்பாபோல்ட் என்ற கணினி முறை வியக்கத்தக்க துல்லியத்தோடு சொல்கிறது. 2024இல் இரசாயனவியல் நோபல் பரிசின் ஒரு பாதி அதற்குக் கிடைத்தது. ஏன் அப்படி மடிகிறது என்று கேட்டால் அதனிடம் நாம் கற்றுக்கொள்ளக்கூடிய விடை குறைவு. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் எடுத்துக்கொண்டது அணுக்களை ஒன்றுக்குள் ஒன்று புக முடியாத கெட்டியான உருண்டைகளாகக் கருதும் ஒரே ஓர் எடுகோளை. அதிலிருந்தே, புரதச் சங்கிலியின் இரு திருகு கோணங்களில் பெரும்பகுதி நடவாதவை, எஞ்சிய சிறு பகுதியிலேயே புரதங்கள் அமைய முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். இன்றும் ஒரு புரத வடிவம் சரியா என்று சரிபார்ப்பவர்கள் அந்தக் கோணங்களைக் குறித்த வரைபடத்தையே எடுக்கிறார்கள். இரண்டு வழிகளும் தேவை. ஆனால் விளங்கிக்கொள்ள விரும்புபவர் இரண்டாவதைப் போன்ற வேலையைத் தேடிப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. உயர்தரத்தில் உயிரியல் எடுத்தவருக்குக் கணிதம் கைவிட்டுப்போவதும், இணைந்த கணிதம் எடுத்தவருக்கு உயிரியல் கைவிட்டுப்போவதும் நம் கல்விமுறை இந்தத் துறைக்குச் செய்யும் பெரிய கேடு என்று நான் நினைக்கிறேன். இங்கு உயிரியல் பிரிவிலிருந்து பொறியியல் பீடத்துக்குச் செல்ல வழியில்லை. ஆனால் உயிரியல் விஞ்ஞானம், மருத்துவம், விவசாயம் ஆகியவற்றின் வழியாக இத்துறைக்குள் வரலாம். றொஸ் மருத்துவராகவே வந்தார். உங்களுக்குத் தேவையான கணிதம் நீங்கள் அஞ்சும் அளவுக்குப் பெரிதல்ல. மாறும் வீதம் என்றால் என்ன என்று விளங்கும் அளவுக்கு வகையிடல், நிகழ்தகவு, பைதன் போன்ற ஒரு கணினி மொழி ஆகியவற்றை ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே கற்றவர்கள் இருக்கிறார்கள். நுளம்பின் வாழ்க்கை வட்டத்தையும் மென்சவ்வின் இயல்பையும் அறிந்திருப்பதால், கணிதம் மட்டும் படித்தவர் தடுமாறும் இடத்தில் நீங்கள் தடுமாறமாட்டீர்கள்.

இன்றைக்கே தொடங்க வேண்டுமானால், ஒரு விரிதாளைத் திறந்து மேலே நான் செய்த நுளம்புக் கணக்கை எழுதுங்கள்: ஒரு நிரலில் நாள், அடுத்ததில் பிழைத்திருக்கும் நுளம்புகள், அதற்கடுத்ததில் அவற்றுள் நோயைக் கடத்தக்கூடியவை. பிழைப்பு வீதம், கிருமி வளரும் நாட்கள், கடிக்கும் வீதம் ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாகச் சிறிது மாற்றிப் பாருங்கள். எந்த எண்ணை அசைக்கும்போது விடை அதிகம் அசைகிறதோ, அந்த எண்ணை உப்புவெளியிலோ கிண்ணியாவிலோ எவரேனும் அளந்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். அளந்திருக்காவிட்டால், உங்கள் முதல் ஆய்வுக்கான கேள்வி அதுவே.